நாஜி ஜெர்மனியில் ஒரு யூதக் குடும்பத்தின் வாழ்க்கையை ஆவணங்களிலிருந்து எழுதுவது எப்படி?

தேடலைத் தொடங்குபவர்கள் நாஜிகளால் பாதிக்கப்பட்டவர்களின் ஆவணங்களைக் காக்கும் ஆரோல்சன் ஆவணக் காப்பகத்தின் இணையத் தொகுப்பையும் எருசலேமில் உள்ள யூத இனப்படுகொலை நினைவகமான யாத் வஷேமின் பெயர்த் தொகுப்பையும் முதலில் பார்ப்பது வழக்கம். அங்கே பெரும்பாலும் அந்தக் குடும்பத்தின் முடிவுதான் கிடைக்கும். அதற்கு முந்தைய ஆண்டுகளை அறிய, ஒரு தாளின் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் அரசாணைகளின் தேதிகளையும் வலப்பக்கம் வீட்டில் நடந்தவற்றையும் எழுதி வாருங்கள்.

1933 ஏப்ரல் 7ஆம் தேதிச் சட்டம் யூதர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கியது என்றாலும், முதல் உலகப் போரில் போர்முனையில் நின்றவர்களுக்கு அப்போது விலக்கு இருந்ததால், தந்தை படையில் இருந்தவரா என்று பார்க்காமல் அவருக்கு வேலை போன ஆண்டை ஊகிக்கக் கூடாது. 1935ஆம் ஆண்டின் நியூரம்பெர்க் சட்டங்கள் என்றதும் பலர் குடியுரிமைப் பறிப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். யூதர் வீட்டில் 45 வயதுக்குட்பட்ட ஜெர்மானியப் பெண் வேலை செய்யக் கூடாது என்ற விதியும் அவற்றில் உண்டு. சமையற்காரப் பெண் விடைபெற்ற மாதம் ஏதேனும் கடிதத்தில் தென்பட்டால், அதையும் வலப்பக்கம் சேருங்கள்.

பெயர்களில் கவனம் தேவை. அரசின் யூதப் பெயர்ப் பட்டியலில் இல்லாத பெயருடையவர்களில், ஆண்கள் ‘இஸ்ரேல்’ என்றும் பெண்கள் ‘சாரா’ என்றும் 1939 ஜனவரி 1 முதல் கூடுதல் பெயர் ஏற்க வேண்டியிருந்தது. பழைய பிறப்புப் பதிவின் ஓரத்தில்கூட அதை எழுதிவைத்தார்கள். இது தெரியாதவர், ஒரே வீட்டில் மூன்று சாராக்களைக் கண்டு திகைக்க வேண்டியதுதான்.

‘ஏன் முன்பே வெளியேறவில்லை?’ என்று வாசகர் கேட்பார். கணக்கைப் பார்த்த பிறகே பதில் எழுதுங்கள். வசதியுள்ளவர்கள் வெளியேற்ற வரியாகச் சொத்தில் கால் பங்கைக் கட்ட வேண்டியிருந்தது. பிற்காலத்தில் கையில் அன்றைய ஜெர்மன் நாணயமான ரைஷ்மார்க்கில் 10க்கு மேல் கொண்டுபோக முடியவில்லை. விசா தரும் நாடும் அமைய வேண்டும். 1941 அக்டோபரில் வெளியேறுவதே தடை செய்யப்பட்டது.

பெர்லின் குடும்பமாக இருந்தால், போட்ஸ்டாமில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் சொத்து விவரப் படிவத்தைக் கேளுங்கள். நாடுகடத்தப்படுவதற்கு முன் நிரப்பித் தர வேண்டியிருந்த, 16 பக்கங்கள் கொண்ட அந்தப் படிவத்தில் நாற்காலி, போர்வை, துவாலை ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கை கேட்கப்பட்டிருக்கும். அதைச் சுருக்காமல், வெறுமையாக விட்ட இடங்களையும் குறித்து, வரிக்கு வரி படியெடுங்கள்.