கோல்ஃப் ஸ்விங்குக்கு கோர் பயிற்சி: நான் பண்ண தப்ப நீங்களும் பண்ணாதீங்க

போன ஞாயித்துக்கிழமை சென்னை நந்தனம் ரேஞ்ச்ல, அதான் கோல்ஃப் பந்து அடிச்சு பழகற இடத்துல, ஒரு பையன், ரெண்டு பக்கெட் பந்து அடிச்ச கையோட தரைல உக்காந்து 5 கிலோ டம்பெல்ல பிடிச்சுக்கிட்டு இடமும் வலமும் விறுவிறுன்னு திருப்பிட்டிருந்தான். கேட்டா "கோர் ஸ்ட்ராங் ஆனா டிரைவ் தூரமா போகும்ணா"ங்கறான். கோர்னா வயித்தையும் இடுப்பையும் சுத்தி இருக்கற தசைங்க, டிரைவ்னா முதல்ல அடிக்கற நீள ஷாட். 8 வருஷம் முன்னாடி நானும் அச்சு அசலா இதையேதான் பண்ணேன். வார்ம்-அப் பண்ணுங்க, தண்ணி குடிங்கன்னுலாம் சொல்லப்போறதில்ல, அது உங்களுக்கே தெரியும்.

அடி முதுக திருப்பி திருப்பி பலம் ஏத்தறது

இத நினைச்சா எனக்கு இன்னும் எரிச்சலா வருது. தினமும் சிட்-அப் 100, ரஷ்யன் ட்விஸ்ட் (அந்த பையன் பண்ணதுதான்) 100. ஸ்விங்னா திரும்பறதுதானே, அப்ப திரும்பற பயிற்சி பண்ணா சரியா இருக்கும்னு யாருக்கும் தோணும், ஆனா அடி முதுகுல இருக்கற 5 எலும்பும் சேர்ந்தே 10, 15 டிகிரிதான் திரும்பும், அதோட மூட்டு அமைப்பு குனிய நிமிரத்தான் வசதி. மட்டைய பின்னாடி தூக்கற பேக்ஸ்விங்ல தோள் 90 டிகிரி கிட்ட போகுதுன்னா அது பெரும்பாலும் இடுப்பு மூட்டுலேர்ந்தும் நடு முதுகுலேர்ந்தும் வரணும். நாள் முழுக்க ஓஎம்ஆர் ஆபீஸ் சேர்ல உக்காந்து அந்த ரெண்டும் இறுகிப்போனா, பாரம் பூரா அடி முதுகு தலைல விழுது, நாம ட்விஸ்ட் வேற போட்டு அதையே தேய்க்கறோம்.

நான் இன்னொன்னும் சேத்து பண்ணேன். வெயிலுக்கு பயந்து கிண்டில 6 மணிக்கே டீ-ஆஃப், அதான் ஆட்டம் ஆரம்பிக்கறது, அதனால 5 மணிக்கு எழுந்த உடனே மொட்டை மாடில சிட்-அப். ராத்திரி படுத்திருக்கும்போது முதுகெலும்புங்களுக்கு நடுவுல இருக்கற டிஸ்க் தண்ணி இழுத்து உப்பியிருக்கும், எழுந்த முதல் ஒரு மணி நேரம் முதுக மடக்கறது அதுக்கு ஆகவே ஆகாதுன்னு எனக்கு யாரும் சொல்லல. ஒரு மே மாசம் மூணாவது ஹோல்ல வலது பக்க இடுப்புல சுளீர்னுச்சு, நிமிர முடியல, கிளப் பை தூக்கற கேடி அண்ணன்தான் தோள்ல தாங்கி கூட்டிட்டு வந்தாரு. 4 மாசம் கிளப்ப, அதான் கோல்ஃப் மட்டைய, தொடல.

பிசியோ அக்கா அப்பதான் புரிய வச்சாங்க, கோர் திருப்பறதுக்கு இல்ல தம்பி, காலும் இடுப்பும் தர்ற வேகத்த சிந்தாம தோளுக்கு கடத்தறதுக்கு, அதுக்கு அது கெட்டியா நிக்கணும்னு. பால்கனி கிரில்ல ரப்பர் பேண்ட் கட்டி, பக்கவாட்டுல நின்னு, நெஞ்சுலேர்ந்து நேரா முன்னாடி தள்ளுங்க, அது இழுத்தாலும் உடம்பு திரும்பக்கூடாது. பாலாஃப் பிரஸ்னு பேரு. கூடவே டெட் பக் (மல்லாந்து படுத்து எதிரெதிர் கை கால நீட்டறது), பேர்ட் டாக் (கையும் முட்டியும் ஊனி அதையே பண்றது), ரெண்டு பக்கமும் சைட் பிளாங்க் (ஒருக்களிச்சு முழங்கைல உடம்ப தாங்கறது).

5 நிமிஷம் பிளாங்க்

குப்புற முழங்கைலயும் கால் விரல்லயும் உடம்ப நேரா தூக்கி அப்படியே பிடிச்சிருக்கறதுதான் பிளாங்க். 5 நிமிஷமெல்லாம் வேண்டாம். கனடா வாட்டர்லூ யூனிவர்சிட்டில முதுகெலும்ப ஆராய்ச்சி பண்ண ஸ்டூவர்ட் மெக்கில் சொல்றது 10 செகண்டு பிடி, விடு, திரும்ப பிடி.

ஆடற ஜிம் பந்து மேல நின்னு ஸ்விங்

இதுவும் வேண்டாம். கோர்ஸ்ல தரை ஆடாது.

நடு முதுக சோதிக்காம விடறது

நாற்காலில முட்டிய சேத்து வச்சு உக்காந்து, கிளப்ப நெஞ்சுக்கு குறுக்க பிடிச்சுக்கிட்டு திரும்பிப் பாருங்க. ரெண்டு பக்கமும் 45 டிகிரி வரலன்னா முதல்ல அத சரி பண்ணுங்க, பலமெல்லாம் அப்புறம். அந்த பையனையும் உக்கார வச்சு பாத்தேன், வலது பக்கம் பாதிலயே நின்னுடுச்சு. டம்பெல்ல பையில போட்டுட்டு, ரப்பர் பேண்ட் எங்க கிடைக்கும்ணான்னு கேட்டான்.