வங்கியில் வந்து சேர்ந்த தொகை மட்டும் உங்கள் வருமானம் அல்ல

வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் பருவம் வந்தால், சம்பள வேலையை விட்டுவிட்டுத் தனியாக மென்பொருள் எழுதிக் கொடுக்கத் தொடங்கிய இளைஞர்கள் சிலர் தங்கள் கணக்கை என்னிடம் காட்டுவார்கள். ஏழு ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறுகளை அவர்களிடமும் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. பான் எண் பிழை, கடைசி நாள் அவசரம் ஆகியவற்றை எல்லோரும் சொல்லிவிட்டதால் அவற்றை விட்டுவிடுகிறேன். கீழே வரும் பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்கு உரியவை. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் எண்கள் மாறியுள்ளன.

டிடிஎஸ் போக வந்ததையே மொத்த வரவாகக் காட்டுவது

ஒரு லட்ச ரூபாய்க்கு பில் அனுப்புகிறீர்கள். வாடிக்கையாளர் 194ஜே பிரிவின்கீழ் 10 சதவீதத்தை டிடிஎஸ்ஸாக, அதாவது பணம் தரும்போதே பிடிக்கும் வரியாக, பிடித்துக்கொண்டு 90,000 ரூபாயை அனுப்புகிறார். பாஸ்புக்கைப் பார்த்து எழுதுபவர் 90,000 ரூபாயை வரவாகவும், பிடித்த 10,000 ரூபாயைத் தாம் கட்டிய வரியாகவும் காட்டுகிறார். பிடித்த வரியும் நீங்கள் ஈட்டிய வருமானமே என்று 198ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆகவே வரவு ஒரு லட்சம்தான்.

நான் என் முதல் கணக்கில் வங்கி வரவுகளைக் கூட்டி 10,80,000 என்று எழுதினேன். என் பெயரில் பிடித்த வரியைப் பட்டியலிடும் 26ஏஎஸ் படிவத்தில் இருந்ததோ 12,00,000. கணக்கு குறைபாடுடையது என்று 139(9) பிரிவின்கீழ் நோட்டீஸ் வந்தது. பதில் சொல்ல 15 நாட்கள் தந்திருந்தார்கள். நான் அந்த மின்னஞ்சலைத் திறந்ததே பதினெட்டாம் நாள். கணக்கு செல்லாததாகிவிட்டது, 5,000 ரூபாய் தாமதக் கட்டணம் செலுத்தி மறுபடி தாக்கல் செய்தேன். வரவேண்டிய ரீஃபண்டும் மாதக்கணக்கில் தள்ளிப்போனது.

மார்ச் மாத பில்லில் இதே தவறு இன்னும் மறைவாக நிகழும். நிறுவனம் மார்ச்சிலேயே செலவாக எழுதி வரியைப் பிடித்துவிடும். பணம் ஏப்ரலில் வரும். பணம் வந்த தேதியில் கணக்கு வைப்பவர், அந்த வருமானத்தை அடுத்த ஆண்டில் காட்டிக்கொண்டு டிடிஎஸ்ஸை மட்டும் இந்த ஆண்டே கேட்கக் கூடாது. வருமானத்தைக் காட்டும் ஆண்டில்தான் அந்த டிடிஎஸ்ஸையும் கட்டிய வரியாகக் கழித்துக்கொள்ள முடியும். அதை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லப் படிவத்திலேயே இடம் இருக்கிறது.

பில் எண், தேதி, மொத்தத் தொகை, பிடித்த வரி, கைக்கு வந்தது என்று ஐந்து நெடுவரிசைகள் கொண்ட ஒரு பதிவேடு போதும். தாக்கல் செய்யும் முன் அதை 26ஏஎஸ், ஏஐஎஸ் (ஆண்டுத் தகவல் அறிக்கை) இரண்டோடும் பில் பில்லாக ஒப்பிடுங்கள்.

ஐடிஆர்-1 படிவத்தை எடுப்பது

பெரும்பாலும் சம்பளக்காரர்கள் பயன்படுத்தும் கணக்குப் படிவம் அது; தொழில் வருமானம் இருந்தால் பொருந்தாது.

வரி பிடிக்காத சிறு பில்களை விட்டுவிடுவது

26ஏஎஸ்ஸில் இல்லாவிட்டாலும் அது வருமானமே.

44ஏடிஏ எல்லோருக்கும் உண்டு என்று எண்ணுவது

வரவில் பாதியை வருமானமாகக் காட்ட 44ஏடிஏ பிரிவு தரும் இந்தச் சலுகை மருத்துவம், சட்டம், பொறியியல், கட்டடக்கலை, கணக்கியல், தகவல் தொழில்நுட்பம் போன்ற குறிப்பிட்ட தொழில்களுக்கு மட்டுமே உரியது. வரம்பு 50 லட்சம்; ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம். இதைத் தேர்ந்தெடுப்பவர்கள், டிடிஎஸ் போக 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வரி பாக்கி இருந்தால், முன்வரி (ஆண்டு முடியும் முன்பே கட்டும் வரி) முழுவதையும் மார்ச் 15க்குள் கட்டிவிட வேண்டும். அந்த நாள் தவறினால் வட்டி சேரும்.