தன்பாலீர்ப்பு, சமயம், சம உரிமை: வாசிகசாலையில் உரையாடும் முறை

தன்பாலீர்ப்புள்ளோரின் சம உரிமை பற்றிப் பேசும்போது, சமய நம்பிக்கையையும் அரசின் கடமையையும் தொடக்கத்திலேயே பிரித்து வையுங்கள். "எங்கட சமயம் இதை ஏற்காது" என்று ஒரு பெரியவர் சொன்னால் அந்த நம்பிக்கையோடு மல்லுக்கு நிற்க வேண்டாம்; இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை அவருக்கு அவ்வுரிமையை அளிக்கிறது. கோயிலிலோ தேவாலயத்திலோ நடக்கும் சடங்குகளை மாற்றுமாறு யாரும் கேட்கவில்லை என்பதையும் தெளிவுபடுத்துங்கள். பலருடைய அச்சம் அத்துடன் தணியும்.

பிறகு கேளுங்கள்: பிரதேச செயலகமும் பொலிஸ் நிலையமும் ஒரு சமயத்தின் தீர்ப்பின்படி நடப்பதானால், அது யாருடைய சமயமாக இருக்கும்? பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்கும் 9ஆம் உறுப்புரையின் கீழ் வாழும் சைவருக்கும் கிறிஸ்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் இக்கேள்வி உடனே உறைக்கும். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதியினர் மறிக்கப்பட்டபோதும் சமய மரபே காரணமாகக் காட்டப்பட்டது என்பதை நினைவூட்டுங்கள். என் பார்வையில், யாழ்ப்பாணத்தவருக்கு இதைவிட வலுவான எடுத்துக்காட்டு இல்லை.

தன்பாலுறவைக் குற்றமாக்கும் சட்டமும் நம் சமயங்களிலிருந்து வந்ததல்ல என்பதைச் சொல்லுங்கள்: தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் பிரித்தானியர் ஆட்சியில் வந்தவை. அவற்றைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023இல் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது.

ஊரில் எவரையும் சுட்டிக்காட்டிப் பேச இடமளிக்காதீர்கள். அரச அலுவலகத்தில் யாரேனும் பாகுபாட்டுக்கு உள்ளானால், நாளையும் நடந்ததையும் எழுதிவைத்து, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் முறையிடச் சொல்லுங்கள். அடிப்படை உரிமை மனுவுக்குரிய காலம் ஒரு மாதமே என்பதால் தாமதிக்க வேண்டாம்.