தூத்தூர் மணலில் வெஸ்ட் பாயின்ட் ஓட்டம்

குமரிக் கடற்கரையில் தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் பந்து என்றால் காலால் உதைப்பதுதான். அமெரிக்கக் கால்பந்தில் அதைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுபவர் ரன்னிங் பேக். பழக விரும்பினால் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியின் இருவரைப் பாருங்கள்: நடுவே இடித்துப் புகுந்த டாக் பிளான்சார்ட், ஓரமாகச் சுற்றிப் பறந்த கிளென் டேவிஸ். கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது 1945இல் பிளான்சார்டுக்கு, 1946இல் டேவிஸுக்கு.

முதலில் பிடி. பந்தின் முன்முனையை விரல்களால் கவ்வி, பின்முனையை முழங்கை மடிப்பில் செருகி, விலாவோடு ஒட்ட வையுங்கள். முழங்கை விலகியதோ, பின்னாலிருந்து ஒரே தட்டில் பந்து போய்விடும். பாதி ஆட்டம் கெடுவது இதனால்தான். எல்லைக்கோட்டு ஓரம் ஓடும்போது கோட்டுப்பக்கக் கையில் பந்து இருக்கட்டும்.

பிளான்சார்ட் பாணிக்கு முழங்காலை மடக்கி, தோளைத் தாழ்த்தி, சின்னச் சின்ன அடிகளாக இடைவெளியில் புகவேண்டும். தலையை மட்டும் குனியவே கூடாது. கழுத்து முறியும் ஆபத்து உண்டு.

டேவிஸ் 1945இல் 82 ஓட்டங்களில் 944 கெஜம் எடுத்தார், சராசரி 11.5. அழகான எண்! ஓரமாகச் சுற்றும் அவருடைய திருப்பத்தைப் பழக, அலை நனைத்த இறுகிய மணலில் 5 மீட்டருக்கு ஒரு தேங்காய்க் கதம்பை வைத்து, அவற்றைச் சுற்றி ஓடுங்கள். இடப்பக்கம் திரும்ப வலக்காலை ஊன்றி, இடுப்பைத் தாழ்த்தித் தள்ளுங்கள். காய்ந்த மணலில் கால் புதையும், கணுக்கால் பிசகும்.