நம்பக மதிப்பெண் சொத்தல்ல: விளிம்புக் கணிமையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எட்ஜ் கம்ப்யூட்டிங் எனப்படும் விளிம்புக் கணிமையில், தரவு தொலைவிலுள்ள மையத்துக்குப் போகாமல், ஆலையின் மூலையிலோ கைப்பேசிக் கோபுரத்தின் அடியிலோ இருக்கும் சிறு கணினியிலேயே அலசப்படுகிறது. எந்தக் கருவிக்கு எதைத் திறந்துவிடலாம் என்பதை, அக்கருவியின் கடந்தகால நடத்தைக்கு இட்ட நம்பக மதிப்பெண்ணைக் கொண்டு முடிவு செய்யும் முறை நல்லதுதான். அந்த எண்ணைக் கருவி சம்பாதித்து வைத்த சொத்தாகக் கருதும்போதுதான் தவறுகள் தொடங்குகின்றன.

பழைய நற்பெயரை மங்கவிடாமல் வைத்திருப்பதே அவற்றுள் பெரியது. பரவலாக அறியப்பட்ட பீட்டா முறையில், நல்ல செயல்களின் எண்ணிக்கையோடு 1 கூட்டி, அதை மொத்தச் செயல்களோடு 2 கூட்டிய தொகையால் வகுக்கிறார்கள். 98 முறை ஒழுங்காக நடந்து, ஒருமுறையும் தவறாத கேமராவுக்கு 99/100, அதாவது 0.99 கிடைக்கும். பிறகு அது தொடர்ந்து 10 முறை தவறிழைத்தாலும் மதிப்பெண் 99/110, அதாவது 0.9தான். அனுமதி எல்லை 0.8 என்றால், 24ஆவது தவறு நிகழும்வரை கதவு திறந்தே இருக்கும். ஆகவே பழைய பதிவுகளின் எடையை நாள்படக் குறைத்தாக வேண்டும். அதிலும் நன்மையை விரைவாகவும் தவறை மெதுவாகவும் மறக்கும்படி அமைப்பதே பாதுகாப்பானது.

இதே சூத்திரம் முன்பின் தெரியாத கருவிக்கு 0.5 தருகிறது. பெயர் கெட்ட கருவி புது அடையாளத்தோடு திரும்பி வந்து அந்த 0.5ஐ வாங்கிக்கொள்ளாதிருக்க, அடையாளத்தைக் கருவியின் சில்லிலேயே (சிப்) பதிந்த சாவியோடு, அதாவது ரகசிய மின்னணுக் குறியீட்டோடு, பிணைப்பது அவசியம்.

ஒரு பணியில் பெற்ற நம்பகத்தை இன்னொன்றுக்கு நீட்டுவதும் தவறு. வெப்பநிலையைச் சரியாகச் சொல்லும் சென்சார், அந்த ஒரே காரணத்தால் வால்வைத் திறக்க உரிமை பெறக் கூடாது.

உள் வலையமைப்பில் இருப்பதாலேயே ஒரு கருவியை நம்புவோரும் உண்டு. 2016இல் மிராய் என்ற தீநிரல், தயாரிப்பாளர் வைத்த கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் பெருமளவில் கைப்பற்றியது; வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் உள்ளே இருந்த கருவிகளே தாக்கும் படையாயின. அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனமான நிஸ்ட், 2020 ஆகஸ்டில் வெளியிட்ட வழிகாட்டியில், இருக்குமிடத்தை மட்டும் வைத்து நம்பிக்கை அளிக்கலாகாது என்றே சொல்கிறது.

மையத்தோடு தொடர்பு அறும் நேரத்துக்கு விதி எழுதாமல் விடுவதை நான் மிகவும் அஞ்சுகிறேன். உற்பத்தி நின்றுவிடுமே என்று எல்லாவற்றையும் அனுமதிப்பதும், எல்லாவற்றையும் மூடுவதும் ஒரேபோல ஆபத்தானவை. அளவீடுகளைப் படிக்க விடலாம். இயக்கும் கட்டளைகளுக்குச் சில நிமிடங்களில் காலாவதியாகும் அனுமதிச் சீட்டு வேண்டும். அவசர நிறுத்தம் மட்டும் எந்த மதிப்பெண்ணுக்கும் காத்திருக்கக் கூடாது. தொடர்பு மீண்டதும், தேங்கிய தரவை அனுப்பும் முன், ரத்தான சாவிகளின் பட்டியலை முதலில் இறக்கிக்கொள்ள வேண்டும்.