தாய்லாந்தில் டிக்கெட் வாங்கும் முன்

பாங்காக் போகிறவர்கள் பலரும் "வெளிநாட்டுக்காரர்களுக்கு எல்லாமே இரட்டை விலையாமே?" என்று கேட்கிறார்கள். எல்லாமே இல்லை. பிடிஎஸ் வான் ரயில், எம்ஆர்டி மெட்ரோ ரயில், நகரப் பேருந்து இவற்றில் சாதாரண டிக்கெட் எல்லோருக்கும் ஒரே விலைதான். வித்தியாசம் வேறு இடங்களில் வரும். பாங்காக்கின் தோன்புரி நிலையத்திலிருந்து காஞ்சனபுரி வழியாக நாம் தோக் வரை போகும் ரயிலில் வெளிநாட்டுப் பயணிக்கு எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 100 பாட் (தாய்லாந்து நாணயம்). உள்ளூர்க்காரர்களுக்கு மிகக் குறைவு. அது அறிவிக்கப்பட்ட கட்டணம், பேரம் பேசிப் பயனில்லை. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் போடவைத்த, நம் தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் உயிரைக் கொடுத்த மரண ரயில்பாதை அது. 100 பாட் கொடுத்தாவது ஒருமுறை போய்வாருங்கள்.

உண்மையில் கவனம் வேண்டியது சாவ் பிரயா ஆற்றுப் படகில்தான். சாத்தோர்ன் படகுத்துறையில் நம்மைப் பார்த்ததும் சுற்றுலாப் படகு டிக்கெட்டை நீட்டுவார்கள். ஆரஞ்சு கொடிப் படகு எது என்று கேளுங்கள். உள்ளூர் மக்கள் போகும் படகு அது. விலை குறைவு, நமக்கும் அதே விலை. அப்புறம், டாக்சியில் ஏறும்போதே "மீட்டர்" என்று சொல்லிவிடுங்கள். மறுத்தால் அடுத்த வண்டியைப் பாருங்கள். நம் ஊர் ஆட்டோ போன்ற டுக்டுக்கில் மீட்டரே கிடையாது, ஏறும் முன்பே விலை பேசிக்கொள்ளுங்கள்.