ஊருக்குப் போனால் சேர் வீட்டுக்கும் ஒருக்கால் போய் வாருங்கள்

வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவர்களின் பயணத் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். நல்லூர், நயினாதீவு, கீரிமலை, ஒரு கலியாண வீடு, ஒரு சாமத்திய வீடு, காணி விஷயமாகப் பிரதேச செயலகத்தில் ஒரு நாள், பிள்ளைகளுக்காகக் கசூரினா கடற்கரையில் ஒரு பின்னேரம். இரண்டு கிழமை அதோடு முடிந்துவிடும். படிப்பித்தவரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எல்லாருக்கும் இருக்கிறது, ஆனால் அதற்கென்று ஒரு திகதி போடாததால் அது கடைசி நாள் வரை தள்ளிப்போய், கடைசி நாளில் பெட்டி கட்டுவதே வேலையாகிவிடுகிறது.

நானும் இரண்டு பயணம் அப்படித்தான் வந்து திரும்பினேன். மூன்றாவது முறை, எனக்குச் சாதாரண தரத்தில் கணிதம் படிப்பித்த சேரின் வீட்டுக்குப் போனபோது அவருடைய அந்தியேட்டி முடிந்து இரண்டு கிழமை ஆகியிருந்தது. அவருடைய மனைவியும் ஆசிரியைதான். ரீச்சர் உள்ளே போய்க் கல்வெட்டு ஒன்றை எடுத்து வந்து தந்தார் (முப்பத்தோராம் நாள் கொடுக்கிற நினைவு மலரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்). அதில் வெளிநாடுகளில் இருக்கும் பழைய மாணவர்கள் ஆறு பேர் எழுதியிருந்தார்கள். சேர் எப்படிக் கரும்பலகையில் ஒரே இழுப்பில் வட்டம் கீறுவார், யாருக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டினார், யாரைத் தேடி வீட்டுக்கே போய்த் திரும்பவும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டி வந்தார் என்றெல்லாம். ஆறும் நெஞ்சிலிருந்து வந்த எழுத்து. ஒன்றையும் சேர் வாசிக்கவில்லை.

ஆகவே நான் சொல்ல வருவது ஒரே விஷயம்தான். கல்வெட்டில் எழுதப்போவதை இப்போதே எழுதி, கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். கீழே இருப்பதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்ற விபரங்கள்.

முதலில் அவர் எங்கே இருக்கிறார் என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். உங்கள் நினைவில் இருக்கும் வீட்டில் அவர் இப்போது இல்லாமல் இருக்கலாம். வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்தவர்களில் பலர் போன இடத்திலேயே தங்கிவிட்டார்கள், பிள்ளைகளோடு கொழும்பு வெள்ளவத்தைக்குப் போனவர்கள் உண்டு, கனடாவில் ஸ்காபரோவில் உங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் தூரத்தில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு இருக்கவும் கூடும். என் நண்பன் ஒருவனுக்கு அப்படித்தான் நடந்தது, பருத்தித்துறை வரை போய் விசாரித்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. உங்கள் பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்துக்கு நீங்கள் இருக்கும் நாட்டில் கிளை இருந்தால் அங்கே தொடங்குங்கள். அங்கே கிடைக்காவிட்டால் ஊர்க் கடைக்காரர், கோயில் ஐயர், தபால்காரர், இவர்களுக்குப் பாடசாலை அலுவலகத்தை விடக் கூடுதலாகத் தெரியும். ஒழுங்கைக்குள் நின்று விசாரிக்கும்போது முழுப்பெயரையும் பாடத்தையும் சொல்லிக் கேளுங்கள். வகுப்பில் நாங்கள் வைத்த பட்டப்பெயர் ஊருக்கே தெரிந்திருந்தாலும் அதைச் சொல்லிக் கேட்க வேண்டாம், பக்கத்தில் நிற்கிற பிள்ளை அவருடைய பேத்தியாக இருக்கலாம்.

போக முதல் தொலைபேசி எடுத்துச் சொல்லுங்கள். சொல்லாமல் போய் நின்றால் சந்தோஷப்படுவார் என்று சிலர் நினைக்கிறார்கள். எண்பது வயதுக்காரர் சாரத்தோடும் வெறும் மேலோடும் விறாந்தையில் இருக்கும்போது பழைய மாணவி குடும்பத்தோடு வந்து இறங்கினால் அவருக்குச் சங்கடம், உள்ளே பலகாரம் ஒன்றும் இல்லையே என்று வீட்டுக்காரருக்கும் பதற்றம். காலை ஒன்பதரைக்குப் பிறகு போகலாம், இல்லாவிட்டால் மதியம் படுத்தெழும்பித் தேத்தண்ணி குடித்த பின் நாலரை, ஐந்துக்கு. சைவக்காரர் என்றால் வெள்ளிக்கிழமை பின்னேரத்தைத் தவிருங்கள், கிறிஸ்தவர் என்றால் ஞாயிறு காலையை. நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள், அந்தப் பக்கத்தில் வீடு என்றால் கொஞ்சத் தூரம் நடக்க வேண்டியிருக்கும். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை மாரி, ஒழுங்கைகளில் தண்ணீர் நிற்கும். நெடுந்தீவில் இருப்பவரைப் பார்க்கப் போவதென்றால் ஒரு முழு நாள் வேண்டும். குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம், திரும்பி வரும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை இறங்கும்போதே கேட்டு வையுங்கள்.

இலங்கையில் ஆசிரியர் தினம் ஒக்ரோபர் 6. அன்றைக்குப் பாடசாலைகளில் மாணவர்கள் விழா எடுப்பார்கள், ஆசிரியர்களுக்கு மாலையும் வாழ்த்து அட்டையும் கிடைக்கும். ஓய்வுபெற்று இருபது வருடமானவரின் படலையை அன்றைக்குத் திறந்துகொண்டு வருபவர்கள் குறைவு. அந்த நாட்களில் நீங்கள் ஊரில் நின்றால் அந்தத் திகதியிலேயே போங்கள். நவராத்திரியும் அதையொட்டித்தான் வரும், பள்ளிக்கூடங்களில் வாணி விழா நடக்கும் காலம்.

சரி, என்ன கொண்டுபோவது? சொக்லேற் பெட்டியைத்தான் எல்லாரும் தூக்கிக்கொண்டு போகிறோம். அந்த வயதில் பலருக்குச் சீனி வருத்தம், அந்தப் பெட்டி அப்படியே பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் போய்விடும். கம்பளிச் சால்வை யாழ்ப்பாண வெயிலுக்கு எதற்கு? நான் இரண்டு பொருளைத்தான் சொல்வேன், இரண்டுக்கும் பெரிய செலவு கிடையாது.

ஒன்று வகுப்புப் படம். 1995 ஒக்ரோபர் 30 இரவு யுத்தத்தால் வலிகாமத்துச் சனம் முழுக்கத் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது கையில் கொண்டுபோனது உடுப்பும் காணி உறுதியும் கொஞ்சம் அரிசியும்தான். திரும்பி வந்தபோது எத்தனையோ வீடுகளில் படங்கள் இல்லை. முப்பது வருடம் படிப்பித்த ஒருவரிடம் தன் வகுப்போடு தான் நிற்கிற படம் ஒன்றுகூட இல்லாமல் இருப்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். வெளிநாட்டுக்கு முதலிலேயே போன அண்ணன்மார், அக்காமாரின் அல்பங்களில் அந்தப் படங்கள் இருக்கின்றன. தேடி எடுத்து, ஏ4 அளவில் பெரிதாக அச்சடித்து, பின்பக்கத்தில் வரிசைப்படி பெயர்களையும் இப்போது யார் எங்கே இருக்கிறார்கள் என்பதையும் பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டுபோங்கள். காலமானவர்கள், காணாமல் போனவர்கள் அந்த வரிசையில் இருப்பார்கள். அதை மறைக்க வேண்டாம், ஆசிரியர் அவர்களைப் பற்றித்தான் முதலில் கேட்பார். படம் ஒன்றும் அகப்படாவிட்டால் "நூலகம்" என்ற இணையத்தளத்தில் பாருங்கள். 2005 இல் தொடங்கிய அந்த எண்ணிம நூலகத்தில் பாடசாலை மலர்கள், மணிவிழா மலர்கள், கல்வெட்டுகள் என்று ஏராளமாக இலவசமாகவே கிடக்கின்றன. உங்கள் வீட்டில் பழைய பாடசாலை மலர் ஏதும் இருந்தால் அதையும் அவர்களிடம் சேர்ப்பியுங்கள்.

மற்றது கடிதம். கையால், தமிழில், பெரிய எழுத்தில், இரண்டு பக்கம் போதும். ஆங்கிலம் படிப்பித்தவருக்கு ஆங்கிலத்தில் எழுதுங்கள், பிழை விடாமல் எழுதியிருக்கிறான் என்று பார்ப்பதே அவருக்குப் பெரிய சந்தோஷம். "தாங்கள் ஓர் அறிவுச்சுடர்" என்ற மாதிரி வாழ்த்துப்பா நடையில் எழுதாதீர்கள், அது யாருக்கும் பொருந்தும். நடந்த ஒன்றை எழுதுங்கள். நான் இந்தமுறை என் விஞ்ஞான ரீச்சருக்கு எழுதினது இதுதான்: மின்சாரம் இல்லாமல் மண்ணெண்ணெய் கிடைக்காமல் இருந்த காலத்தில் ரீச்சர் தன் வீட்டு விறாந்தையில் எங்கள் ஒன்பது பேரை இருத்தி, இரண்டு ஜாம் போத்தல் விளக்கை நடுவில் வைத்து, பரீட்சை வரைக்கும் படிப்பித்தார். ஒரு சதம் வாங்கவில்லை. அந்த எண்ணெய் தன் அடுப்புக்கும் விளக்குக்கும் வைத்திருந்த எண்ணெய் என்பது எனக்கு இங்கே வந்து, என் பிள்ளை மேசை விளக்கில் படிப்பதைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அதை அப்படியே எழுதினேன். ரீச்சர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஒன்பது பேரில்லையடி பிள்ளை, பத்துப் பேர். நீ வசந்தியை விட்டிட்டாய்" என்றார். (பெயரை மாற்றியிருக்கிறேன்.) முப்பது வருடத்துக்குப் பிறகும் வகுப்பு வரவு இடாப்பு அவரிடம் சரியாக இருக்கிறது.

கடிதத்தை நீங்களே சத்தமாக வாசித்துக் காட்டினாலும் நல்லது, பலருக்குக் கண் தெளிவில்லை. அப்புறம் பேசாமல் இருங்கள், அவர் கதைக்கட்டும். வெளிநாட்டுப் பெருமைகளைச் சுருக்கிக்கொள்ளுங்கள், ஆனால் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை விபரமாகச் சொல்லுங்கள், அதை அறிய அவருக்கு உரிமை இருக்கிறது. லொறி ஓட்டினாலும் சமையற்கூடத்தில் நின்றாலும் அப்படியே சொல்லுங்கள். எஞ்சினியராக வரவில்லை என்ற வெட்கத்தில் ஆசிரியரைப் பார்க்காமலே திரும்புகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நீ உயிரோடு வந்து முன்னால் நிற்கிறாய் என்பதைத்தான் அந்தக் காலத்து ஆசிரியர்கள் முதலில் பார்க்கிறார்கள்.

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்வார்கள். சாப்பிடுங்கள். அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது என்று மணிக்கூட்டைப் பார்க்காமல் இருக்க, அன்றைக்கு வேறெங்கும் போவதாக வைத்துக்கொள்ள வேண்டாம். காலில் விழுவதா என்று கேட்கிறார்கள். மனம் வந்தால் விழலாம், கிறிஸ்தவ ஆசிரியர்கள் சிலர் விரும்பமாட்டார்கள், கையைப் பிடித்துக்கொண்டாலே போதும். படம் எடுக்க முதல் கேளுங்கள், அதைப் பேஸ்புக்கில் போட முதல் இன்னொருமுறை கேளுங்கள்.

மேடை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் நாங்கள் வகுப்புத் தோழர்கள் சேர்ந்து, மண்டபம் எடுத்து, ஓய்வுபெற்ற ஐந்து ஆசிரியர்களுக்குப் பாராட்டு விழா வைத்தோம். பொன்னாடை, மாலை, வாழ்த்துப்பா, தலைமையுரை, சிறப்புரை. இரண்டரை மணித்தியாலம். எங்கள் ஆங்கில மாஸ்டருக்குக் காது கேட்பது குறைவு, ஒலிபெருக்கி இரைச்சலில் அவருக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. அதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. விழா முடிந்து அவரை ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போய் வீட்டில் விட்டேன். பொன்னாடையை மடித்துக் கதிரையில் வைத்துவிட்டு, மாஸ்டர் என்னைப் பக்கத்தில் இருத்தி, "சரி, இப்ப சொல்லு. நீ என்ன செய்யிறாய்?" என்றார். அந்தக் கேள்விக்காகத்தான் அவர் அந்தப் புழுக்கத்தில் அவ்வளவு நேரம் இருந்தார் என்று எனக்கு அப்போது விளங்கியது. விழா வைப்பதென்றால் வையுங்கள், ஆனால் அதற்கு முதல்நாளோ மறுநாளோ வீட்டுக்கும் போங்கள்.

காசு விஷயம் கவனமாகச் செய்ய வேண்டியது. அரசாங்கப் பாடசாலையில் இருந்தவருக்கு ஓய்வூதியம் வரும். ரியூட்டரியில் (தனியார் வகுப்புகளில்) படிப்பித்தே காலத்தைக் கழித்தவருக்கு அப்படி ஒன்றும் இல்லை. தொண்டர் ஆசிரியர்களாக வருடக்கணக்கில் படிப்பித்து, நிரந்தர நியமனம் பிந்திக் கிடைத்தவர்களும் இருக்கிறார்கள். தேவை இருக்கும். ஆனால் எல்லாருக்கும் முன்னால் கடித உறையை நீட்டினால் அவர் வாங்கமாட்டார், வாங்கினாலும் அன்றிரவு நித்திரை கொள்ளமாட்டார். மகளிடமோ மருமகனிடமோ பக்கத்தில் இருக்கும் வகுப்புத் தோழனிடமோ தனியாகக் கேளுங்கள். கண்புரை வெட்ட வேண்டியிருக்கும், காதுக் கருவி வேண்டியிருக்கும், கிணற்றடிக்குப் போக முடியாமல் வீட்டோடு சேர்த்து ஒரு குளியலறை தேவைப்படும். அதை ஐந்தாறு பேர் சேர்ந்து செய்து முடித்துவிட்டு, பேசாமல் இருந்துவிட வேண்டும். கையில் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் வெற்றிலை, பழத்தோடு தட்டில் வைத்துத் தட்சணையாகக் கொடுங்கள், அப்படிக் கொடுப்பதை மறுப்பது அவர்களுக்குக் கடினம்.

யாரிடம் போவது என்று பட்டியல் போடும்போது உயர்தரத்துக் கணித மாஸ்டரோடு நின்றுவிடாதீர்கள், அவரிடம் எல்லாரும் போகிறார்கள். முதலாம் வகுப்பில் கையைப் பிடித்து எழுதப் பழக்கிய ரீச்சர், சங்கீத ரீச்சர், விளையாட்டுப் பயிற்றுநர், இவர்களை ஒருவரும் தேடுவதில்லை. பாலர் வகுப்பு ரீச்சர்மார் உங்கள் அம்மாவின் பெயரைக்கூட நினைவில் வைத்திருப்பார்கள்.

ஆள் இல்லை என்று தெரிந்தாலும் வீட்டுக்குப் போங்கள். மனைவி, பிள்ளைகள் இருப்பார்கள், அந்தக் கடிதத்தை அவர்களிடம் கொடுக்கலாம். பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் அவருடைய பாடத்துக்கு ஒரு ஞாபகார்த்தப் பரிசு வைக்க விரும்பினால் அதிபரோடு கதையுங்கள். வங்கியில் நிலையான வைப்பாகப் போட்டு வட்டியில் வருடாவருடம் பரிசு கொடுப்பது வழக்கம். பாடசாலைக்குள் போவதற்கு அதிபரிடம் முன்கூட்டியே அனுமதி எடுங்கள், பிள்ளைகளைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

உங்கள் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். தமிழ் தடுமாறினாலும் "வணக்கம் சேர்" சொல்லப் பழக்கிவிட்டால் மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். ஏடு தொடக்காத சின்னப் பிள்ளை இருந்தால், விஜயதசமிக்கோ தைப்பூசத்துக்கோ ஊரில் நிற்பதாக இருந்தால், உங்களுக்கு எழுத்தறிவித்தவரிடமே கேளுங்கள். தாம்பாளத்தில் பச்சையரிசி பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து அவர் "அ" எழுதுவிக்கும்போது அவருடைய கை நடுங்கலாம். எழுத்து நடுங்காது, நான் பார்த்திருக்கிறேன்.

வெளிக்கிட முதல் உங்கள் தொலைபேசி இலக்கத்தைக் கடதாசியில் பெரிதாக எழுதி, சுவரில் தொங்கும் கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள். ஆனால் அவர் எடுப்பார் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், காசு போகும் என்று எடுக்கமாட்டார், நீங்கள்தான் எடுக்க வேண்டும். லண்டனில் கோடையில் மதியம் ஒரு மணி, ரொறொன்ரோவில் காலை எட்டு மணி என்றால் அங்கே பின்னேரம் ஐந்தரை. விறாந்தைக் கதிரையில்தான் இருப்பார்.